குழி நிறைந்த பிறகு என்ன? மணல் ஊர்களில் மலக்கழிவும் வெளிநாட்டு உதவியும்

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ வளவு உள்ள யாரிடமாவது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கிணறு எங்கே? மலசலகூடக் குழி எங்கே? இரண்டுக்கும் இடையே எத்தனை அடி? முதல் இரண்டுக்கும் உடனே கைநீட்டிக் காட்டுவார்கள். மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். பக்கத்து வளவுக் குழி உங்கள் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, நடுவில் மதில் இருக்கிறது. மதில் மண்ணுக்கு மேலேதான். கீழே இரண்டு வளவுக்கும் ஒரே தண்ணீர்.

திட்ட அறிக்கைகளில் 'பரவலாக்கப்பட்ட நிலைபேறான துப்புரவேற்பாடு' என்று ஒரு நீண்ட தொடர் வரும். கூட்டத்தில் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, "அது என்ன சாமான்?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளிய அனுபவம் இருந்தால் போதும்.

முதலில் அதன் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். கொழும்பில் பிரித்தானியர் காலத்தில் தொடங்கிய நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து குழாய், வீதிக்கடியில் பெரிய குழாய், அங்கங்கே தள்ளிவிடும் பம்ப் நிலையம், கடைசியில் ஓரிடத்தில் எல்லாம் போய்ச் சேரும். இது மையப்படுத்திய முறை. அந்தக் கொழும்பிலும் நெடுங்காலமாகக் கழிவுநீர் போய்ச் சேர்ந்த இடம் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீளும் குழாய்களின் வாய்தான். ஆகவே குழாய் இருக்கிறது என்பதாலேயே கழிவு சுத்திகரிக்கப்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது.

இலங்கையில் இப்படிப்பட்ட குழாயோடு இணைந்த வீடுகள் மிகச் சொற்பம். மற்ற எல்லோருக்கும் குழியோ தொட்டியோ தான். வாகரை, கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் போன்ற ஊர்களின் மணலுக்கடியில் நகரக் குழாய் போட்டு, தட்டை நிலத்தில் இரவு பகலாகப் பம்ப் ஓட்டி, அந்த மின்சாரக் கட்டணத்தை மாதா மாதம் யார் கட்டுவது? அதனால் கழிவு உண்டாகும் இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகில், வீட்டுக்கு ஒன்றாகவோ ஒழுங்கைக்கு ஒன்றாகவோ ஊருக்கு ஒன்றாகவோ அதைச் சுத்திகரிப்பது. அதுதான் பரவலாக்கல். நிலைபேறு என்பது இன்னும் எளிது. கட்டிக் கொடுத்தவர்களின் வாகனம் திரும்பிப் போய்ப் பத்து வருடமான பிறகும் அது வேலை செய்ய வேண்டும்.

மலசலகூடம் ஒரு சங்கிலி

மலசலகூடம் என்றவுடன் நமக்கு நினைவில் வருவது நாலு சுவர், ஒரு கதவு, ஒரு தகரக் கூரை. உண்மையில் அது சங்கிலியின் முதல் கண்ணி மட்டும். கழிவு குழியிலோ தொட்டியிலோ சேர வேண்டும், நிறைந்ததும் யாராவது அள்ள வேண்டும், அள்ளியதைப் பவுசரில் எங்காவது கொண்டுபோக வேண்டும், அங்கே அதைப் பாதுகாப்பானதாக மாற்ற வேண்டும், பிறகு பசளையாகவோ வேறு விதமாகவோ மண்ணுக்குத் திருப்ப வேண்டும். எந்தக் கண்ணி அறுந்தாலும் கழிவு கிணற்றுக்கோ வாவிக்கோ வயலுக்கோ வந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தண்ணீரால் கழுவும் வீட்டில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லீற்றர் சேறு குழியில் தங்கும் என்று திட்டமிடுபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து பேர் வீட்டில் 200 லீற்றர். ஒரு மீற்றர் அகல வளையம் இறக்கிய குழியில், மேலே விட வேண்டிய இடைவெளி போக, ஒரு மீற்றர் ஆழம் கிடைக்கிறது என்று வைத்தால் கொள்ளளவு ஏறத்தாழ 785 லீற்றர். அதாவது நான்கு வருடம். இரண்டு மூன்று வருடத்துக்கு வரும் ஒரு திட்டம், தான் கட்டிய குழி நிறைவதைப் பார்க்காமலே முடிந்துவிடுகிறது. முடிவறிக்கை எழுதும்போது எல்லா மலசலகூடமும் நன்றாகவே இருக்கும்.

நம்முடைய மணல் வேறு

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் நம்முடையது. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, தெற்கே கல்முனை, காரைதீவு, நிந்தவூர் என்று எங்கே தோண்டினாலும் மணல், கொஞ்சம் கீழே தண்ணீர். பூவல் தோண்டிக் குடித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இந்த நல்ல தண்ணீர் மழை கொடுத்தது. அடியில் இருக்கும் உப்புநீரை விடப் பாரம் குறைந்ததால் ஒரு வில்லை போல அதன்மேல் மிதந்து நிற்கிறது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இதை நாம் கண்ணால் பார்த்தோம். கடல் வந்து கிணறுகளை மூடியது. உதவ வந்தவர்களும் ஊர் இளைஞர்களும் பம்ப் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலை அது. ஆனால் அளவுக்கு மீறி இறைத்தால் மேலே இருக்கும் மெல்லிய நன்னீர் போய், கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறும். பல கிணறுகளைக் கடைசியில் திருத்தியது அடுத்தடுத்த மாரி மழைதான். மணலைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் உதவிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அதே மணலில்தான் குழியும் இருக்கிறது. குழியின் அடி காய்ந்த மணலில் இருந்தால், கழிவுநீர் மணலின் ஒவ்வொரு பருக்கையையும் நனைத்தபடி மெதுவாக இறங்கும். இடையில் காற்று இருக்கிறது, கிருமிகள் பருக்கைகளில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சாகும். மணல் தண்ணீரில் ஊறி நிற்கும்போது இந்த வடிகட்டல் பெருமளவு நடக்காது. கிருமிகள் தண்ணீரோடு பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதனால்தான் அனர்த்த உதவியில் பின்பற்றப்படும் ஸ்பியர் நியமங்கள் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் இருக்க வேண்டும், குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்கின்றன. இதை நம் வளவில் வைத்துப் பாருங்கள். மாரியில் இரண்டடியில் தண்ணீர் நிற்கும் இடத்தில், அதற்கு ஐந்தடி மேலே குழியின் அடி இருக்க வேண்டுமானால், அந்த அடியே தரைக்கு மூன்றடி உயரத்தில் வரும். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெரிசலான ஊர்களில் 30 மீற்றருக்குள் நாலைந்து வீட்டுக் கிணறு இருக்கும். புத்தகத்தில் உள்ள குழி மலசலகூடம் இங்கே சரிவராது என்பதை அந்தப் புத்தகத்தின் எண்களே சொல்கின்றன.

கிருமி மட்டுமல்ல, நைத்திரேற்றும் இருக்கிறது. சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடும். மணல் அதைப் பிடித்து வைக்காது. தோட்டத்துக்குப் போடும் உரமும் இதனோடு சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மாக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்று இருக்கும் தாய்மாருக்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்த பிறகு குடிநீர்க் கவலை பல இடங்களில் குறைந்திருக்கிறது, அதுவும் வெளிநாட்டுக் கடனுதவியோடு வந்ததுதான். அப்புறம் ஒரு பக்கவிளைவும் உண்டு. குழாய் வந்தால் வீட்டில் தண்ணீர்ப் பாவனை கூடும், கொமட் வரும், அவ்வளவு தண்ணீரும் அதே பழைய குழிக்குள்தான் போகும். தண்ணீர்த் திட்டமும் கழிவுத் திட்டமும் சேர்ந்தே வர வேண்டியவை.

சரி, என்ன செய்யலாம்?

எல்லா ஊருக்கும் ஒரே மருந்து கிடையாது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மேடான, நீர்மட்டம் ஆழமாக உள்ள இடங்களில் இரட்டைக்குழி முறை நல்லது. ஒரு குழி நிறைந்ததும் கழிவை மற்றதுக்குத் திருப்பி, நிறைந்ததை மூடி இரண்டு வருடம் விட்டுவிட வேண்டும். கிருமிகள் செத்து, உள்ளே இருப்பது மணமில்லாத மண்ணாகிவிடும். இந்தியாவில் பிந்தேசுவர் பாடக்கின் சுலப் இயக்கம் 1970களிலிருந்து பரப்பியது இதைத்தான். அங்கே அதன் பெரிய நோக்கம், மனித மலத்தை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை ஒழிப்பது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள எழுவான்கரை மணலில் அது போதாது. இங்கே முதலில் வேண்டியது ஒழுகாத தொட்டி. நம் ஊரில் 'செப்டிக் டாங்க்' என்று சொல்லப்படுவதில் பல, அடியில் கொங்கிறீற் போடாத குழிகள். அடி திறந்திருந்தால் அது செப்டிக் டாங்க் இல்லை. உண்மையான தொட்டியில் இரண்டு அறைகள் இருக்கும். பாரமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப் பசையானது மேலே ஏடாக மிதக்கும், நடுவிலுள்ள நீர் ஓரிரு நாள் தங்கி அடுத்த அறைக்குப் போகும். சேற்றைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மெல்லத் தின்னும். ஆனால் வெளியே வரும் தெளிந்த நீரில் கிருமிகள் இன்னும் நிறையவே இருக்கும். பார்வைக்குத் தெளிவு என்பதால் கானுக்குள் விட்டுவிடக் கூடாது. அதை மணலும் சரளையும் நிரப்பி உயர்த்திய மேட்டுப் படுக்கையில் பரவவிட வேண்டும். மேலே கல்வாழை, நாணல் போன்றவற்றை நட்டால் வேர்கள் நீரையும் நைதரசனையும் உறிஞ்சும். நம் சதுப்புகளில் பன்னும் நாணலும் ஏற்கெனவே செய்துவரும் வேலையை வளவுக்குள் கொண்டுவருவது போலத்தான் இது.

வளவு சிறியதாக இருந்தால் ஒழுங்கைக்கு ஒன்றாகச் சேர வேண்டியிருக்கும். இருபது முப்பது வீட்டின் கழிவுநீரை ஆழமில்லாத சிறு குழாயால் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, தடுப்புச் சுவர்கள் கொண்ட தொட்டியில் மேலும் கீழுமாக ஓடவிட்டு, பிறகு தாவரப் படுக்கையில் வடிகட்டும் முறை உண்டு. ஜேர்மனியின் போர்டா நிறுவனம் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பரப்பிய முறை இது. சாய்வு கிடைத்தால் மின்சாரம் தேவையில்லை, உடையக்கூடிய இயந்திரமும் இல்லை. ஆனால் அடைப்பு வந்தால் மூடியைத் திறக்கும் ஆள் யார் என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும்.

சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகச் சேர்க்கும் உலர் மலசலகூடமும் இருக்கிறது. தரைக்கு மேலேயே கட்டலாம் என்பதால் வெள்ள நிலத்துக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் முசிறியில் ஊர்ப் பொதுப் பாவனைக்கே அமைத்து நடத்திக் காட்டினார்கள். கழுவும் தண்ணீருக்கு மூன்றாவது துவாரம் வேண்டும், ஒவ்வொரு முறையும் சாம்பல் போட வேண்டும். பழக்கம் மாறாமல் இது ஓடாது. ஒரு ஊரே விரும்பிக் கேட்டால் தவிர, இதை வெளியிலிருந்து திணிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்த முறையானாலும் சேறு சேரும். கலி பவுசர் வந்து உறிஞ்சும். அப்புறம்? பவுசர் போய்க் கொட்டுவதற்கு உலர்த்தும் படுக்கைகளும் குளங்களும் கொண்ட ஒரு சுத்திகரிப்பு இடம் இல்லாவிட்டால், வீட்டுக்கு வீடு செய்த செலவெல்லாம் ஒரு காட்டோரத்தில் முடிந்துவிடும். குடற்புழுவின் முட்டைகள் ஈர மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. பச்சைச் சேற்றை வயலுக்குப் பசளை என்று கொடுப்பதும் அதனால்தான் ஆபத்து.

உதவி வரும்போது

என் பெரியம்மாவுக்குச் சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் வீடும் மலசலகூடமும் கட்டிக் கொடுத்தது. அதற்கு நாங்கள் இன்றும் நன்றியோடு இருக்கிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வந்து இடம் பார்த்தார்கள். குழி தோண்டியபோது அடி காய்ந்து கிடந்தது. பெரியம்மா சொன்னார், "மாரிக்கு இது சரிவராது மனே, இந்த இடத்தில் தண்ணி நிக்கும்." திட்டத்தின் வரைபடம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. மார்கழியில் குழி பொங்கியது. அடுத்த மூன்று மாதமும் பெரியம்மா விடியுமுன்னே எழும்பி, இருட்டில் தங்கச்சி வீட்டுக்கு நடந்தார். 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தபோது அந்தக் குடியேற்றத்தில் எது குழி, எது கிணறு என்றே தெரியவில்லை. இப்படித் தோற்பதன் முழுப் பாரமும் பெண்கள்மேல்தான் விழுகிறது.

இதைச் சொல்வது உதவியைப் பழிக்க அல்ல. 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தண்ணீரையும் துப்புரவேற்பாட்டையும் மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது. போரிலும் கடலிலும் எல்லாம் இழந்த குடும்பம் அந்த உரிமையை உதவி வழியாகப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த உதவி கணக்கு வைக்கும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. கட்டிய மலசலகூடங்களை எண்ணுவது சுலபம், படம் எடுப்பதும் சுலபம். ஏழாவது வருடம் அள்ளப்பட்ட குழிகளை யாரும் எண்ணுவதில்லை. நிதியாண்டு முடியுமுன் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு.

வரைபடம் வெளியூரில் தயாராவதால் வரும் தவறுகளும் உண்டு. முஸ்லிம் ஊர்களில் மலசலகூடத்தில் அமரும்போது முகமோ முதுகோ கிப்லாவை, அதாவது தொழும் திசையை, நோக்கக் கூடாது. நமக்குக் கிப்லா மேற்குப் பக்கம். இதைக் கேட்காமல் கட்டினால் நல்ல சீமெந்தில் கட்டிய மலசலகூடம் விறகுக் கொட்டில் ஆகும். தமிழ் ஊர்களில் கிணற்றடி, சாமியறை, படலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை இருக்கிறது. போரில் கால் இழந்தவர் இருக்கும் வீட்டில் உயர்த்திக் கட்டினால் சாய்தளம் வேண்டும், பிடித்து எழும்பக் கைப்பிடி வேண்டும். ஒரு பின்னேரம் உட்கார்ந்து பேசினால் இவ்வளவும் தெரிந்துவிடும்.

உதவ வந்தவர்களின் சொந்தக் கழிவே பெருந்தீங்கு செய்ததும் நடந்திருக்கிறது. 2010இல் ஹெயிட்டியில் பூகம்பத்துக்குப் பிறகு, ஐ.நா. அமைதிப்படை முகாமொன்றின் கழிவு ஆற்றில் கலந்து வாந்திபேதி பரவியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதில் தன் பங்கை ஐ.நா. ஏற்றுக்கொள்ள 2016 ஆனது.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் முன்மாதிரி, பாகிஸ்தானில் கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்பான ஒராங்கி. சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980இல் அங்கே வேலை தொடங்கியபோது, அரசோ வெளிநாடோ இலவசமாகக் குழாய் போட்டுத் தரும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக்குள் இருக்கும் மலசலகூடமும் ஒழுங்கைக் குழாயும் அந்த ஒழுங்கை மக்களின் பொறுப்பு. அவர்களே பணம் சேர்ப்பார்கள், அவர்களே வேலை செய்வார்கள், அவருடைய நிறுவனம் அளவெடுத்துத் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்கும். பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. ஒப்பந்தக்காரரின் இலாபம் இல்லாததால் செலவு பல மடங்கு குறைந்தது.

நம் ஊருக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. ஆண் துணையில்லாத பெண்கள் நடத்தும் வீடுகள் இங்கே நிறைய, நாட்கூலி வீடுகள் நிறைய. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு மூட்டை சீமெந்தின் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீடுகளுக்கு முழு உதவியும் வேண்டும். ஆனாலும் பிரிப்பின் தர்க்கம் சரியானது என்று நம்புகிறேன். ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு பேசினும் கதவும் வாங்கிவிடும். எவ்வளவு சேர்த்தாலும் பவுசரும் சுத்திகரிப்பு நிலையமும் நீர்ப் பரிசோதனைக் கூடமும் வாங்க முடியாது. வெளிநாட்டுப் பணம் முதலில் போக வேண்டியது அங்கேதான். பிரதேச சபைகள் சேர்ந்து நடத்தும் ஒரு சுத்திகரிப்பு இடம், அங்கே வேலை செய்பவருக்குக் கையுறையும் காலணியும் மரியாதையான சம்பளமும், திட்டம் முடிந்த பிறகு அந்தச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று சபை எழுதிக் கையெழுத்திட்ட தாள்.

அடுத்த முறை உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ ஒரு நிறுவனம் மலசலகூடத் திட்டத்தோடு வந்தால், தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். மாரியில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வரும் என்று பார்த்தீர்களா என்று கேளுங்கள். தொட்டியின் அடி மூடியதா, குழி நிறைந்தால் பவுசர் இந்த ஒழுங்கைக்குள் வருமா, ஒருமுறை அள்ள என்ன செலவு, அள்ளியது எங்கே போகும், நீங்கள் போன பிறகு யாருக்கு ரெலிபோன் எடுப்பது என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் ஊரின் மேசனையும் கூப்பிட்டு வைத்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும்.

அதற்கு முன் நாமே செய்து வைக்கக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மார்கழியில் மழை விட்ட ஒரு நாளில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, நீர் ஏறி நிற்கும் இடத்தில் உள்சுவரில் ஒரு கோடு போடுங்கள். கச்சான் காலத்தில் வற்றியபோது இன்னொரு கோடு. பிறகு அளவுநாடா எடுத்து உங்கள் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே அளந்து, படலையைத் திறந்து பக்கத்து வளவுக்கும் போய் அளந்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இருபது வீட்டு அளவுகள் சேர்ந்தால் அந்தக் கொப்பியை வரைபடம் வரைய வருபவரின் முன்னால் வைக்கலாம்.